புத்தகத்தில் இல்லாத பகிடி

கொழும்பிலிருந்து வந்தவர் முதலில் கை கழுவினார். துவாயில் விரல் விரலாகத் துடைத்தார். அதன்பிறகுதான் மேசையில் கிடந்த ‘ஆஸ்டெரிக்ஸும் கிளியோபாட்ராவும்’ ஆங்கில அல்பத்தைத் தொட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கும் அந்தப் புத்தகத்தை அவ்வளவு மரியாதையாக எவரும் தொட்டு நான் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், தாளை மூக்கருகே கொண்டுபோய் மணம் பார்த்தார். அம்பிட்டிய மழைக்காற்றில் வளர்ந்த புத்தகத்துக்குப் பூஞ்சண மணம் இல்லாமல் எப்படி இருக்கும்?

அவர் பழைய படக்கதைகள் சேர்ப்பவர். முத்து, லயன், ராணி என்று தமிழில் வந்தவைதான் அவருக்கு உயிர். அவை என்னிடம் ஒன்றும் இல்லை என்றதும் முகம் சற்று வாடியது. ஆனாலும் இந்த அல்பம் முதற்பதிப்புக்குக் கிட்டிய பழைய அச்சாக இருக்கலாம் என்று உற்சாகமானார். பக்கம் பக்கமாகப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். பக்கத்தின் நடுவே சதுரமாக ஒரு ஓட்டை. அதன்வழியே அடுத்த பக்கத்து ரோமப் படைவீரன் ஒருவனின் தலைக்கவசம் தெரிந்தது.

“ஐயோ... யாரோ வெட்டியிருக்காங்களே.”

“நான்தான். ஆறாம் வகுப்பில, சமூகக் கல்விக் கொப்பிக்கு. எகிப்துப் பாடம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மேசையில் வைத்தார். உள்ளட்டையில் பென்சிலால் எழுதியிருந்த சிங்களப் பெயரை அழிறப்பரால் அழிக்கலாமா என்று மட்டும் கேட்டார். அழித்தால் விலை கொஞ்சம் ஏறுமாம். வேண்டாம் என்றேன். அந்தப் பெயருக்காகத்தான் புத்தகமே என்னிடம் இருக்கிறது.

கண்டி வாவியை விட்டு மேலேறி வளைந்து வளைந்து போனால் அம்பிட்டிய. எங்கள் ஊரின் பெரிய அடையாளம் குன்றின்மேல் இருக்கும் குருமடம். பாப்பரசர் 13ஆம் லியோவின் ஏற்பாட்டில் 1893இல் தொடங்கியது. இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் சேர்த்துக் குருக்களைப் பயிற்றிய இடம். 1955இல் அது பூனாவுக்குப் போய்விட, இங்கே இலங்கைக்கான தேசிய குருமடம் நிலைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து படித்த பிள்ளைகளின் தமிழும் ஒருகாலத்தில் இந்தக் குன்றில் கேட்டிருக்கிறது. எங்கள் காலத்தில் மணி மட்டும்தான் கேட்கும். மணி அடித்தால், அந்தப் பென்சில் பெயருக்குச் சொந்தக்காரனான என் நண்பன் வீட்டில் செபம், எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு பலாமரமும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன.

அவன் சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். அவனுடைய மாமா ஒருவர் பாதிரியார், ரோமில் படித்தவர். விடுமுறைக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் செபமாலைகளோடு இருந்ததுதான் இந்த அல்பம். என்னிடம் இருந்தவை சிவகாசிப் புத்தகங்கள்.

சிவகாசிப் புத்தகம் கண்டிக்கு வந்துசேர்வதே அப்போது ஒரு கதை. 1970க்குப் பின்வந்த ஆட்சியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு அது நல்லகாலம், வீரகேசரிப் பிரசுரங்கள் அந்த ஆண்டுகளில்தான் பெருகின. ஆனால் 1972இல் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும், அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவியும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்ட 1977க்குப் பின் கதவு திறக்க வேண்டியிருந்தது. என் அண்ணன் அப்படி எட்டியதையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் சேர்த்தான். படிப்பு கெடுகிறது என்று அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கிப்போய், தான் கணக்கெழுதிய கடையின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னார்.

1983 ஜூலையில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது அந்தக் கடையும் எரிந்தது. நாங்கள் இரண்டு இரவுகள் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் இருந்தோம். அவனுடைய அம்மா எங்களை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு, தான் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா பின்னாளில் அந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அண்ணனிடம் மட்டும் ஒருமுறை, “பெட்டிய வீட்டிலயே விட்டிருக்கலாம்டா” என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் படக்கதையை யாரும் தடுக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த இரண்டாம் இரவில் உள்ளறையில் குப்பிவிளக்கடியில் அவன் எனக்கு முதன்முதலாக ஆஸ்டெரிக்ஸைக் காட்டினான். ரோமர்கள் கோல் நாடு முழுவதையும் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒரு சின்ன ஊரைத் தவிர. சின்ன உருவம், பெரிய மீசை, இடுப்பில் மருந்துக் குடுவை. கூடவே ஒபெலிக்ஸ் என்ற தடியன், அவன் தோளில் ஒரு பாறை, அவன் காலடியில் ஒரு குட்டி நாய். வாள் இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, படை படையாக வீரர்கள் வருகிறார்கள். ஒபெலிக்ஸ் அடித்தால் செருப்பு மட்டும் தரையில் நிற்க ஆள் வானத்தில் பறக்கிறான். அடுத்த படத்தில் அதே ஆள் கண் வீங்கி, பல் போய், மரத்தில் தொங்குகிறான். நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, “செத்துட்டானா?” என்பது. அவன் தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான், “இல்ல மச்சாங், இந்தப் புத்தகத்தில யாரும் சாகிறதில்ல.”

அந்தப் புத்தகத்தை எழுதிய ரெனே கோசினி யார் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. 1926இல் பாரிஸில் பிறந்த யூதர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஆர்ஜென்டினாவுக்குப் போனதால் தப்பியவர். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர்களை நாஜி வதைமுகாம்கள் கொண்டுபோயின. அப்படிப்பட்டவர் 1959இல், இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த ஓவியர் அல்பெர் உடெர்சோவோடு சேர்ந்து, ஊரைப் பிடிக்க வரும் படையைப் பார்த்துப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிக்கும் ஒரு கதையைச் செய்தார். ஒரு சாவு இல்லாமல் செய்தார். இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் வாசித்து அறிந்தேன். அறிந்த அன்று அந்த உள்ளறையும், முன்வாசல் கதிரையும் ஒன்றாக நினைவுக்கு வந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

‘கிளியோபாட்ரா’ கதை 1965இல் பிரெஞ்சில் அல்பமாக வந்தது. எகிப்தியர்கள் இனி ஒன்றுக்கும் உதவார் என்று சீசர் சொல்ல, மூன்று மாதத்தில் அலெக்சாந்திரியாவில் மாளிகை கட்டிக் காட்டுகிறேன் என்று ராணி பந்தயம் கட்டுகிறாள். கட்டடக் கலைஞன் முடித்தால் தங்கம், முடிக்காவிட்டால் முதலை. அவன் தன் பழைய நண்பரான கோல் நாட்டு மருந்துக்காரக் கிழவரைத் தேடி ஓடுகிறான். சிறுவர்களான எங்களுக்கு அட்டையே ஒரு விருந்து. அந்தக் கதை வந்த காலத்தில் உலகமே பேசிய ‘கிளியோபாட்ரா’ திரைப்படத்தின் பெருமைப் பேச்சைக் கேலி செய்து, இந்தப் புத்தகத்துக்கு 14 லீற்றர் மை போயிற்று, 30 தூரிகை போயிற்று என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நாங்கள் அதை உண்மையென்று நம்பி, 14 லீற்றர் எவ்வளவு என்று பார்க்கக் குழாயடியில் வாளியை நிரப்பினோம். மேலே ஏறிப் பார்க்கப்போன ஒபெலிக்ஸ் ஸ்பிங்ஸின் மூக்கை உடைக்கும் படத்தைப் பார்க்காமல் ஒருநாளும் புத்தகத்தை மூடியதில்லை.

அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். எனக்கு அதுவும் வராது. அவன் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்வான். நான் தமிழைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்வேன், கண்டித் தெருவில் பொறுக்கிய சிங்களம். 1984இல் விஜயனின் ஆசிரியப் பொறுப்பில் லயன் காமிக்ஸ் வந்தது. அதன் தம்பியாக வந்த ஜூனியர் லயனில் ‘சூப்பர் சர்க்கஸ்’ என்று ஒரு புத்தகம். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் கௌபாய் லக்கி லூக், அவனை ஏளனம் செய்யும் குதிரை ஜாலி ஜம்பர். அமெரிக்க மேற்குப் பாலைவெளியில் குடிகாரத் தலைவன் ஒருவனின் நொடிந்துபோன சர்க்கஸ், அதில் ஒரு கிழட்டு யானை. வைரப்பல் வைத்த பணக்காரன் ஒருவன் அந்த சர்க்கஸை ஊரைவிட்டே துரத்தப் பார்க்கிறான். அதன் இந்திய விலைக்குமேல் இலங்கை விலையை ஊதா முத்திரையில் குத்தியிருந்தார்கள். மூன்று வாரக் காசு சேர்த்து வாங்கினேன்.

லக்கி லூக்கை 1946இல் உருவாக்கி வரைந்தவர் பெல்ஜியத்து மோரிஸ். ஆனால் அந்தக் கதையை எழுதியவர் கோசினிதான். பொறாமை பிடித்த ஒரு வசீர், கலீபாவின் நாற்காலியைப் பிடிக்கச் செய்யும் சூழ்ச்சியெல்லாம் தலையில் விழுகிறதே, லயனில் ‘மதியில்லா மந்திரி’ என்ற அருமையான பெயரில் வந்ததே, அதுவும் கோசினிதான். ஆக, பலாமரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தது ஒரே மனிதனின் பகிடி. அவனுடையது ரோம் வழியாக வந்தது, என்னுடையது சிவகாசி வழியாக. இரண்டும் கடைசியில் ஒரு வாசற்படியில் சிங்களமாயின. பிற்காலத்தில் ஆஸ்டெரிக்ஸைச் சிங்களத்திலேயே ‘சூர பப்பா’ ஆக்கினார்கள் என்று அறிந்தபோது நான் மகிழ்ந்து போனேன். நம் சூரனும் அவர்களுடைய சூரனும் ஒரே சொல்தானே.

லக்கி லூக்கின் வாயில் எப்போதும் சிகரெட் தொங்கும். படக்கதையைத் தடுக்காத அப்பா அதை மட்டும் பார்த்துவிட்டு, “இது என்னடா பழக்கம்?” என்றார். புத்தகம் பறிபோய்விடும் என்ற பயத்தில் அவன் பென்சில் எடுத்து ஒவ்வொரு சிகரெட்டையும் நீட்டி, நுனியில் கதிர் வரைந்து, புல்லாக மாற்றினான். எங்களுக்குத் தெரியாமலே மோரிஸ் அதை முன்பே செய்திருந்தார். 1983 முதல் லக்கி லூக்கின் வாயில் புல்தான். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988இல் அவரைக் கௌரவித்தது.

அந்த 1988ஐ நான் வேறொன்றுக்காக மறக்கமாட்டேன். நாடே இருண்டிருந்த காலம். கிளர்ச்சி, ஊரடங்கு, விளக்கை அணைக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம். பள்ளிக்கூடம் கிழமைக்கணக்கில் மூடிக்கிடந்தது. தெருவில் கண்டதைப் பற்றிப் பெரியவர்கள் எங்கள் முன்னால் பேசுவதை நிறுத்தினார்கள். அந்த ஜூலையில் ராஜா செத்துப்போனது. தலதா மாளிகையின் ராஜா. பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைத் தாங்கி வெள்ளைத் துணிமேல் நடந்துவரும் கொம்பன். இரண்டு வருடம் முன்புதான் அதை நாட்டின் பொக்கிஷம் என்று அறிவித்திருந்தார்கள். கண்டிப் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும், அது சொந்த வீட்டு யானை. மனிதர் செத்தால் சத்தமாக அழவும் பயந்த நாட்கள் அவை. ராஜாவுக்காக எல்லோரும் வெளிப்படையாக அழுதார்கள். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

நான் ‘சூப்பர் சர்க்கஸை’ எடுத்துக்கொண்டு போனேன். ஏற்கெனவே பத்துத் தடவை அவனுக்கு வாசித்த புத்தகம். யானை வரும் ஒரு கட்டத்தில் நிறுத்தி, இல்லாத ஒன்றை வாசித்தேன். கண்டியில் ராஜாவின் இடம் காலியாம், மாளிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஓகஸ்ட் பெரஹராவுக்குப் போகவேண்டும், இந்தக் கௌபாய்களோடு மினக்கெட நேரமில்லை என்று யானை சொல்வதாக. யானைக்கு ஒரு கிழட்டுக் குரலும் கொடுத்தேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். “திரும்ப வாசி” என்றான். வாசித்தேன். அவனுடைய அம்மா குசினியிலிருந்து வந்து என் கையில் ஒரு துண்டு பாணும் சீனியும் தந்துவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் குடும்பம் இத்தாலிக்குப் போயிற்று. போகும் அன்று புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். அவனால் வாசிக்க முடியாத தமிழ்ப் புத்தகம் மிலானுக்கு, என்னால் அப்போது வாசிக்க முடியாத ஆங்கிலப் புத்தகம் எனக்கு. அதில் நான் படம் வெட்டியதை அவன் கவனிக்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

பிறகு நான் ஆங்கிலம் படித்தேன். ஒருநாள் ‘கிளியோபாட்ரா’வை முதற்பக்கத்திலிருந்து நானே வாசித்தேன். மருத்துவமனைக் கதவில் மாட்டிய பலகையை வாசிப்பதுபோல் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. அவன் எனக்குச் சொன்ன பகிடிகளில் பாதி அதில் இல்லை. மாளிகை கட்டுகிறவர்கள் தேத்தண்ணி கேட்டு வேலையை நிறுத்தும் இடம் இல்லை. முதலை, தலாத்துஓயா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அழும் இடமும் இல்லை. ஆங்கிலம் விளங்காத இடத்தையெல்லாம் அவன் தன் கையால் நிரப்பியிருக்கிறான். எனக்கு ஏமாற்றமே வரவில்லை. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த அந்தியா பெல்லும் டெரெக் ஹொக்ரிட்ஜும் பிரெஞ்சுப் பகிடி ஆங்கிலத்தில் நில்லாத இடத்தில் வேறு பகிடி வைத்துத்தான் நிறுத்தினார்கள். பிரெஞ்சில் இதேஃபிக்ஸ் என்றிருந்த நாய் அவர்கள் கையில் டொக்மாட்டிக்ஸ் ஆனது. ‘மதியில்லா மந்திரி’ என்ற பெயர் எந்த அகராதியிலிருந்தும் வரவில்லை, சிவகாசியில் ஒருவர் மனதிலிருந்து வந்தது. பன்னிரண்டு வயதில் அவன் செய்ததும் அதே வேலைதான், கூலியில்லாமல்.

இன்று இந்தப் புத்தகங்களின் நிலை வேறு. ஆஸ்டெரிக்ஸின் முதல் அல்பம் 1961இல் அச்சானது வெறும் 6,000 பிரதி. 2021இல் வந்த அல்பம் 50 லட்சம். உடெர்சோ வரைந்த ஒரேயொரு அட்டைப்படத்தின் மூலம் 2017இல் பாரிஸ் ஏலத்தில் 14 லட்சம் யூரோவுக்குப் போனது. 2012இல் புத்துயிர் பெற்ற லயன், பெரிய அளவில், வழுவழுத்தாளில், முழு வண்ணத்தில் லக்கி லூக்கைக் கொண்டுவருகிறது. பழைய மாயாவி இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. அன்று கடலைச்சுருளாகிப் போன தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, கறையானிலிருந்து மீட்டு வைத்திருப்பவர்கள் இந்தச் சேகரிப்பாளர்கள்தான். அவர்கள்மேல் எனக்கு நன்றியே உண்டு. ஆனால் கொழும்புக்காரர் சொன்ன ஒன்று மனதில் தங்கிவிட்டது. திறந்தே பார்க்காத பிரதிக்குத்தான் ஆகக்கூடிய விலையாம். எங்கள் தெருவில் கைமாறிய புத்தகங்கள் எல்லாம் வாசித்தே கிழிந்தன. அவற்றை மிச்சமின்றித் தின்றவர்கள் நாங்கள்.

அவர் கிளியோபாட்ராவுக்கு, ஓட்டையோடும் பெயரோடும், பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். நல்ல மனம். தேத்தண்ணி குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

இந்த ஓகஸ்டில் அவன் வந்தான், பெரஹரா பார்க்க. தலை நரைத்து, மிலானில் முதியவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு வளைந்து. அவனுடைய அம்மா இப்போது இல்லை. வாசற்படி இருக்கிறது, பலாமரமும் இருக்கிறது. நான் கிளியோபாட்ராவைத் திறந்து ஓட்டையைக் காட்டி, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். அவன் விரலை ஓட்டைக்குள் விட்டு ஆட்டினான். “மார்க்ஸ் எவ்வளவு மச்சாங்?” என்றான். பத்துக்கு எட்டு என்றேன். திருப்தியாகத் தலையாட்டினான்.

பிறகு பையைத் திறந்து ‘சூப்பர் சர்க்கஸை’ எடுத்தான். ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. பென்சில் புற்கள் அப்படியே இருந்தன. தன் பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழியில் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாமல், என் குரலை நினைவு வைத்து. ஆனால் ஒரு இடத்தில் பிள்ளைகள் அவனை மடக்கிவிட்டார்களாம்.

“எங்க மச்சாங் அந்த இடம்? அலியாவுக்கு மாளிகையில இருந்து கடிதம் வாற இடம்? எந்தப் பக்கம்ன்னு எனக்கு மறந்து போச்சு. ஒரு கோடு போட்டுத் தா.”

புத்தகத்தை வாங்கினேன். மணி அடித்து ஓய்ந்திருந்தது. பக்கங்களைப் புரட்டி, யானை நிற்கும் ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தேன். அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டேன். விரலை எழுத்தின்மேல் வைத்து, அந்தக் கிழட்டுக் குரலில், முழுவதையும் அவனுக்கு வாசித்தேன்.